கோபுரம் இருக்கிறது, சிக்னல் இல்லை: நிறுவனத்தின் உரிமத்தைப் பறிக்க முடியுமா?

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்துத் தம்பி அனுப்பிய கேள்வி இது. அவர்களுடைய ஊரில் ஒரேயொரு நிறுவனத்தின் சிக்னல்தான் ஓரளவு எடுக்கிறது. மின்சாரம் நின்று சில மணிநேரத்தில் கோபுரமும் அணைந்துவிடுகிறது. வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் வந்து சேர்வதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. வெளிநாடுகளில் நிபந்தனையை நிறைவேற்றாத தொலைபேசி நிறுவனங்களின் உரிமத்தை அரசு இரத்துச் செய்வதாகச் செய்தியில் பார்த்திருக்கிறார். இங்கே ஏன் அப்படிச் செய்வதில்லை, செய்தால் தம்முடைய இலக்கமும் ரீலோட் செய்த காசும் என்னவாகும் என்பது அவருடைய கேள்வி.

தம்பி, சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் உங்கள் கிராமத்தில் சிக்னல் இல்லை என்ற காரணத்துக்காக எந்த நிறுவனத்தின் உரிமமும் பறிபோகாது. பறித்தாலும் உங்களுக்கு இப்போது இருக்கும் அரைகுறைச் சிக்னலும் போய்விடும், அவ்வளவுதான். கோபுரங்களோடும் அவற்றின் பற்றரிகளோடும் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் குறிவைக்க வேண்டியது உரிம இரத்தை அல்ல, உரிமத்தில் எழுதப்படும் நிபந்தனையை. வன்னி தோற்பது அந்த எழுத்தில்தான்.

உரிமம் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டம்தான் அடிப்படை. 1996இல் 27ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்மூலம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உருவானது. 2024இல் இன்னொரு திருத்தமும் வந்தது. சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, தொலைத்தொடர்பு முறைமையை நடத்துவதற்கான உரிமத்தை ஆணைக்குழுவின் பரிந்துரையின் பேரில் அமைச்சர் வழங்குகிறார். பேசுவதற்குத் தேவையான அலைவரிசைக்கு வேறொரு அனுமதி. ஒரு கையடக்கத் தொலைபேசி நிறுவனத்திடம் ஆகக் குறைந்தது இந்த இரண்டு வகைப் பத்திரங்களாவது இருக்க வேண்டும். இவை இரண்டும் தனித்தனி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வங்காளதேசத்தின் கதை வரும்போது தேவைப்படும்.

நிபந்தனை மீறலுக்கு உரிமத்தை எடுப்பது எப்படிப்பட்ட காரியம் என்று விளங்கிக்கொள்ள, குடியேற்றத் திட்டங்களில் இருக்கும் காணி அனுமதிப்பத்திரத்தை நினைத்துப் பாருங்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியை விருத்தி செய்யாமல் விட்டால் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்யலாம். அதற்கு முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், காரணம் கேட்க வேண்டும், விசாரணை வைக்க வேண்டும், அதன்பிறகும் மேன்முறையீடு இருக்கிறது. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழோ வவுனிக்குளத்தின் கீழோ காடு பற்றிக் கிடக்கும் துண்டுகள் எத்தனை, அவற்றில் உண்மையில் இரத்தானவை எத்தனை என்று ஊரில் உள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தொலைபேசி உரிமத்திலும் நடைமுறை இதேதான். வேறுபாடு என்னவென்றால், எதிர்ப்பக்கம் நிற்பவரிடம் கொழும்பின் முன்னணிச் சட்டத்தரணிகள் இருப்பார்கள். இரத்துக் கட்டளை வந்த மறுநாளே அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில், அரச முடிவைத் தள்ளிவைக்கக் கேட்கும் எழுத்தாணை மனு போய் நிற்கும். தமது தரப்பைச் சொல்லப் போதிய சந்தர்ப்பம் தரப்படவில்லை என்ற ஒரு குறையைக் காட்டினாலே கட்டளை தடுக்கி விழுந்துவிடும்.

இனி, நீங்கள் செய்தியில் பார்த்த வெளிநாட்டுச் சம்பவங்கள். அவற்றைக் கூர்ந்து பார்த்தால், உரிமம் போனதற்கு உண்மைக் காரணம் பெரும்பாலும் வேறொன்றாக இருக்கும்.

எல்லாரும் சொல்லும் உதாரணம் இந்தியா. 2012 பெப்ரவரி 2ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் 122 உரிமங்களை இரத்துச் செய்தது. அது நிபந்தனை மீறலுக்கான இரத்து என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 2008 ஜனவரியில், ஆ. இராசா அமைச்சராக இருந்தபோது, ‘முதலில் வந்தவருக்கு முதலில்’ என்று சொல்லி உரிமங்களைக் கொடுத்த முறையே தவறு என்பதுதான் தீர்ப்பு. நிபந்தனை மீறலின் கதை அதற்குப் பக்கத்திலேயே ஓடியது, ஆனால் அதைப் பலரும் மறந்துவிட்டார்கள். அந்த உரிமங்களில் பெருநகரங்களுக்கு வெளியே முதலாம் ஆண்டில் மாவட்டத் தலைநகரங்களில் 10 சதவீதத்துக்கும், மூன்றாண்டுக்குள் 50 சதவீதத்துக்கும் சேவை போய்ச் சேர வேண்டும் என்று எழுதியிருந்தது. பல நிறுவனங்கள் அலைவரிசையை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தன. 2010 நவம்பரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 69 உரிமங்களை இந்தக் காரணத்துக்காக இரத்துச் செய்யலாம் என்று பரிந்துரைத்தது. நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை அந்தப் பரிந்துரை மேசையில்தான் கிடந்தது. தாமதத்துக்கான இழப்பீட்டுக்கு ஒரு வட்டத்துக்கு 7 கோடி ரூபாய் என்ற உச்சவரம்பும் இருந்தது. ஒரு மாநிலத்தின் அளவு பரந்த சேவைப் பரப்புக்கு அந்தத் தொகை எந்தப் பெரிய நிறுவனத்தையும் விரட்டாது. கட்டிவிட்டுச் சும்மா இருப்பது கோபுரம் நடுவதைவிட மலிவாகிவிடும்.

வங்காளதேசத்தில் சிற்றிசெல் என்ற நிறுவனத்துக்கு 1989இலேயே உரிமம் கிடைத்தது. தெற்காசியாவின் முன்னோடிக் கைத்தொலைபேசி நிறுவனங்களில் அது ஒன்று. அரசுக்குக் கட்ட வேண்டிய பெருந்தொகை நிலுவையானதால் 2016 ஒக்ரோபரில் ஒழுங்குமுறை ஆணைக்குழு அதன் அலைவரிசையை நிறுத்தியது. உரிமம் கையில் இருந்தது, அலைவரிசை இல்லை. அதாவது கடை திறந்திருக்கிறது, விற்கச் சாமான் இல்லை. உச்ச நீதிமன்றம் தலையிட்டு அடுத்த மாதமே திருப்பிக் கொடுக்க வைத்தது, ஆனால் வாடிக்கையாளர் திரும்பி வரவில்லை. உரிமம் முறைப்படி இரத்தானது 2023இல்தான். நேபாளத்தில் ஸ்மார்ட் ரெலிகொம் 2023 ஏப்ரலில் உரிமத்தை இழந்ததும் புதுப்பித்தல் கட்டணமும் மற்ற நிலுவைகளும் கட்டாததால். இரண்டு நாட்டிலும் இறுதியில் கத்தி இறங்கியது காசுக்காக.

அமெரிக்காவில் 2021 ஒக்ரோபரில் சைனா ரெலிகொம் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைக்குக் கொடுத்திருந்த அனுமதியைத் தொடர்பாடல் ஆணைக்குழு எடுத்துவிட்டு, சேவையை நிறுத்த 60 நாள் கொடுத்தது. அந்த நிறுவனம் 2007இல் எழுதிக்கொடுத்த உறுதிமொழிகளை மீறியது என்பதும் காரணங்களில் ஒன்று. ஆனால் தேசியப் பாதுகாப்பு என்ற சொல் இல்லாவிட்டால் அந்தக் கோப்பு நகர்ந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆக, கட்டண நிலுவைக்கு உரிமம் போகிறது, பாதுகாப்புக்குப் போகிறது, கொடுத்த விதம் பிழை என்றால் போகிறது. ‘இந்தக் கிராமத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை’ என்பதற்காகப் போவது மிக அரிது. காரணமும் எளிது. முதல் மூன்றிலும் நட்டப்பட்டவர் அரசு. நான்காவதில் நட்டப்பட்டவர் நீங்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் பிரித்தானியாவில் இருக்கிறது. அங்கே 3ஜி உரிமத்தில் 2007 முடிவதற்குள் சனத்தொகையில் 80 சதவீதத்தினருக்குச் சேவை எட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ஓ2 நிறுவனம் 76 சதவீதத்தருகில் நின்றுவிட்டது. ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்கொம் உரிமத்தைப் பறிக்கவில்லை. 2008 ஜூன் முடிவதற்குள் சரிசெய்யாவிட்டால் உரிமக் காலத்தில் 4 மாதத்தை வெட்டிவிடுவோம் என்றது. நான்கு மாதம் பெரிதல்ல போலத் தோன்றும். ஆனால் கோடிக்கணக்கான பவுண்கள் கொடுத்து வாங்கிய உரிமத்தில் நான்கு மாத வருமானம் என்பது புதிய கோபுரங்களின் செலவை எளிதில் விழுங்கிவிடும். நிறுவனம் தவணைக்குள் செய்து முடித்தது. இப்படிப்பட்ட இடைநிலைத் தண்டனைகள்தான் வேலை செய்கின்றன. வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்குவது, பயன்படுத்தாத அலைவரிசையைக் குறிப்பிட்ட மாவட்டத்துக்கு மட்டும் திரும்ப எடுப்பது என்று இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. உரிம இரத்து என்ற ஒரே ஆயுதத்தை மட்டும் வைத்திருக்கும் ஆணைக்குழு அதை ஒருநாளும் எடுக்காது என்று நிறுவனங்களுக்குத் தெரியும்.

இப்போது வன்னிக்கு வருகிறேன். இந்தப் பதிலில் நீங்கள் ஒரேயொரு பகுதியை மட்டும் வாசிப்பீர்களானால் இதை வாசியுங்கள்.

‘சனத்தொகையில் இத்தனை சதவீதம்’ என்று நிபந்தனை எழுதுவது உலகெங்கும் வழக்கம். கேட்க நியாயமாக இருக்கும். 2012 குடிசன மதிப்பீட்டை எடுத்துப் பாருங்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர், கிளிநொச்சியில் 1 இலட்சத்து 13 ஆயிரம், வவுனியாவில் 1 இலட்சத்து 72 ஆயிரம், மன்னாரில் 99 ஆயிரத்துச் சொச்சம். (தேர்தல் கணக்கில் கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு போனாலும் காட்டுக்கும் யானைக்கும் அந்தக் கணக்குத் தெரியாது, ஆகவே சேர்த்தே கூட்டுகிறேன்.) நான்கும் சேர்ந்து 4 இலட்சத்து 77 ஆயிரம் வரும். அப்போது நாட்டின் மொத்தச் சனத்தொகை 2 கோடியே 3 இலட்சத்துச் சொச்சம். அதாவது வன்னி முழுவதும் நாட்டு மக்களில் 2.3 சதவீதம். நிலப்பரப்பிலோ நான்கு மாவட்டமும் ஏறத்தாழ 7,850 சதுர கிலோமீற்றர், நாட்டின் பரப்பில் 12 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வையுங்கள். ஓமந்தைக்கு வடக்கே மட்டுமல்ல, வன்னி முழுவதிலும் ஒரு கோபுரம்கூட நடாமல் ஒரு நிறுவனம் ‘97 சதவீத மக்களுக்குச் சேவை தருகிறோம்’ என்று உண்மையாகவே சொல்ல முடியும். நிபந்தனை 95 சதவீதம் என்றால் அதை மீறியதாகவும் ஆகாது. மீறல் இல்லாத இடத்தில் தண்டனை எங்கே, இரத்து எங்கே? அந்த 2012 கணக்கில் முல்லைத்தீவில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 35 பேர், கொழும்பு மாவட்டத்தில் 3,300க்கு மேல். சதவீதத்தை எட்ட வேண்டிய நிறுவனம் அடுத்த கோபுரத்தை எங்கே நடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஏ-9 வீதியை ஒட்டி மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று சிக்னல் ஓரளவு தொடர்ந்து வருவதற்கும், வீதியை விட்டு இறங்கி உள்ளே போகப் போகக் கம்பிகள் ஒவ்வொன்றாகக் குறைவதற்கும் காரணம் இதுதான். வீதியில் போகிற கொழும்பு–யாழ்ப்பாணப் பயணிகள் எல்லாரும் வாடிக்கையாளர். தண்ணீர்முறிப்பில் வயலுக்குப் போகிறவர் ஒரே ஒரு வாடிக்கையாளர்.

பிரித்தானியர் இந்த ஓட்டையை 2013இல் 4ஜி உரிமம் விற்றபோது அடைத்தார்கள். ஓர் உரிமத்தில், 2017 முடிவதற்குள் நாடு முழுவதும் 98 சதவீத மக்களுக்கு வீட்டுக்குள்ளேயே சிக்னல் கிடைக்க வேண்டும் என்று எழுதியதோடு நிற்காமல், இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 95 சதவீதம் வர வேண்டும் என்றும் சேர்த்தார்கள். லண்டன் எண்ணைக் காட்டி ஸ்கொட்லாந்து மலைநாட்டைக் கழித்துவிட முடியாது. இங்கே நமக்கு வேண்டியதும் அதுதான்: மாவட்டந்தோறும், முடிந்தால் பிரதேச செயலாளர் பிரிவுதோறும் ஒரு குறைந்தபட்ச அளவு. உரிமம் புதுப்பிக்கப்படும்போதும் புதிய அலைவரிசை ஏலம் விடும்போதும்தான் இதை எழுத முடியும். இடையில் எழுதப் போனால் நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போகும், போகவும் உரிமை உண்டு.

பணம் இல்லை என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்றுக்கொள்வதில்லை. வெளிநாட்டு அழைப்புகளில் சிறிலங்கா ரெலிகொம்முக்கு இருந்த தனியுரிமை 2002இல் முடிந்தது. 2003இல் பல நிறுவனங்களுக்கு அந்த வாசல் திறந்தபோது, வெளிநாட்டிலிருந்து உள்ளே வரும் அழைப்புகள்மீது தொலைத்தொடர்பு அபிவிருத்திக் கட்டணம் ஒன்றும் வந்தது. கிராமப்புறத் தொலைத்தொடர்பை வளர்ப்பது அதன் நோக்கம். கனடாவிலும் பாரிசிலும் இருந்த பிள்ளைகள் ஊரில் இருந்த தாய் தகப்பனுக்கு எடுத்த ஒவ்வொரு அழைப்பிலும் அந்தக் கட்டணம் இருந்திருக்கிறது. பின்னர் 2021இல், கிராமப்புறக் கோபுரச் செலவில் ஒரு பகுதியை ஆணைக்குழு ஏற்கும் ‘கமட்ட சன்னிவேதனய’ (கிராமத்துக்குத் தொடர்பாடல்) என்ற திட்டம் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தொடங்கியது. இப்போது எல்லாரும் வாட்ஸ்அப்பில் பேசுவதால் அந்த வருமான ஊற்று வற்றிவருகிறது என்பது உண்மை. ஆனாலும் ஊருக்கென்று அறவிட்ட காசில் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு போனது என்று கேட்கும் உரிமை மற்ற எவரையும்விட வன்னிக்காரருக்கு அதிகம்.

கோபுரம் இருந்தும் மின்சாரம் போனதும் அணைவது வேறு நோய். கோபுரத்தின் அடியில் பற்றரித் தொகுதி இருக்கும், சிலவற்றில் மின்பிறப்பாக்கியும் இருக்கும். பற்றரி பழசானால் அது தாங்கும் நேரம் பாதியாகும், பிறகு கால்வாசியாகும். முக்கியமான கோபுரங்களுக்குப் புதுப் பற்றரியும் டீசலும் போகும். வேறு கோபுரங்களின் தொடர்பைச் சுமக்காத கடைக்கோடிக் கோபுரத்துக்கு வேறிடத்தில் கழற்றிய பற்றரி வருவதை நானே பார்த்திருக்கிறேன். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது நாடு முழுவதும் இந்த நோயை அனுபவித்தது. உங்களுக்கு அது வழமை. இதைச் சரிப்படுத்த உரிம இரத்துத் தேவையில்லை. மின்சாரம் நின்றபின் இத்தனை மணிநேரம் கோபுரம் இயங்க வேண்டும் என்ற ஒரு வரி நிபந்தனையும், அதை அளக்க ஆளும், மீறினால் உறைக்கும்படியான தண்டப்பணமும் போதும். சட்டம் தெரிந்தவர்கள் பரப்பளவைப் பற்றியே பேசுவார்கள். என்னைக் கேட்டால் பற்றரி நேரம்தான் உங்கள் ஊருக்கு முதல் தேவை.

உங்கள் இலக்கம், ரீலோட் காசு பற்றிக் கேட்டிருந்தீர்கள். இலங்கையில் நிறுவனங்கள் சந்தையை விட்டுப் போனது பெரும்பாலும் விற்பனை வழியாகத்தான், அதனால் மக்களுக்குப் பெரிதாக அடி விழவில்லை. 072இல் தொடங்கும் இலக்கங்கள் செல்ரெல் காலத்திலிருந்து ரிகோ, எற்றிசலாற் என்று கைமாறி 2018இல் ஹட்ச்சிடம் போயின. 075 எயார்ரெல் இலக்கங்கள் 2024இல் டயலொக்கோடு சேர்ந்தன. இலக்கம் மாறவில்லை, மீதிக் காசும் புதிய உரிமையாளரிடம் போனது. உரிமத்தைப் பறிக்கும்போது அப்படிக் கைமாற்றிவிட ஆள் இருக்கமாட்டார். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் முதலில் 4 மாத அவகாசம் கொடுத்தது. இலக்கத்தை மாற்றாமலே நிறுவனம் மாறும் வசதி அதற்கு ஓராண்டு முன், 2011 ஜனவரியில், அங்கே நாடு முழுவதும் வந்துவிட்டதால் பலர் தப்பினார்கள். இங்கே அந்த வசதி பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கும் விடயம். உங்கள் ஊரில் இன்னொரு நிறுவனத்தின் சிக்னலே இல்லாதபோது இலக்கத்தைக் கொண்டுபோய் என்ன செய்வது என்பது அதற்கு அடுத்த கேள்வி. 2025 ஜூலையில் இங்கே சேவையைத் தொடங்கிய செய்மதி இணைய நிறுவனமான ஸ்ரார்லிங்க் வழியாகப் பாடசாலையோ சனசமூக நிலையமோ இணையத்தைப் பெறலாம். ஆனால் அதற்கான வாங்கித் தட்டின் விலையும் மாதக் கட்டணமும் ஒரு விவசாயக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையில் இல்லை. ரீலோட் காசைப் பொறுத்தவரை, ஒரு சிம்மில் பெரிய தொகையைப் போட்டு வைக்காதீர்கள் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள். அது இல்லாமல் ஆணைக்குழுவுக்குப் போனால் ‘நிறுவனத்திடம் சொன்னீர்களா’ என்ற கேள்வியோடு திரும்பி வருவீர்கள். பிறகு ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்கு அழைப்பதோடு விடாமல் எழுத்திலும் கொடுங்கள். ‘சிக்னல் சரியில்லை’ என்ற முறைப்பாட்டை ஒருவரும் வாசிக்கமாட்டார். எந்தக் கிராம அலுவலர் பிரிவு, எந்தத் திகதி, மின்சாரம் எத்தனை மணிக்குப் போனது, சிக்னல் எத்தனை மணிக்குப் போனது, இரண்டும் எப்போது திரும்பின என்று ஒரு மாதம் கொப்பியில் எழுதுங்கள். நீங்கள் மட்டும் எழுதாமல் பாடசாலை அதிபர், கமக்கார அமைப்பின் செயலாளர், ரீலோட் கடைக்காரர் என்று மூன்று நான்கு பேர் தனித்தனியாக எழுதினால் அது சாட்சியமாகிவிடும்.

அதோடு ஒரு தகவல் கோரிக்கை போடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஆணைக்குழுவின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவெடுத்துச் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம். பலருக்குத் தெரியாத ஒன்றும் அந்தச் சட்டத்தில் உண்டு: அரசின் உரிமத்தின் கீழ் பொதுச் சேவை ஒன்றை நடத்தும் தனியார் நிறுவனமும், அந்தச் சேவை அளவில், பகிரங்க அதிகாரசபை என்ற வரைவிலக்கணத்துக்குள் வருகிறது. ஆகவே நிறுவனத்திடமே நேராகவும் கேட்கலாம். ‘ஏன் எங்கள் ஊருக்குச் சிக்னல் இல்லை’ என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல, மனவருத்தம். உரிமத்தில் உள்ள சேவைப் பரப்பு நிபந்தனையின் பிரதி, மின்தடையின்போது கோபுரம் இயங்க வேண்டிய நேரம் பற்றிய நிபந்தனை, முல்லைத்தீவு மாவட்டத்தில் கடைசியாகச் செய்த சேவைத்தர அளவீட்டின் அறிக்கை, நிபந்தனை மீறலுக்காக அனுப்பிய அறிவித்தல்களின் பட்டியல் என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வணிக இரகசியம் என்று மறுக்கப் பார்ப்பார்கள். பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் தகவலைக் கொடுக்கத்தான் வேண்டும் என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யுங்கள்.

கிடைக்கும் பதிலையும் கொப்பியில் எழுதிய நேரங்களையும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு முன்பே மாவட்டச் செயலகத்தில் எழுத்தில் கொடுத்து, நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்ட நாளன்று கையைத் தூக்கிப் பேசினால் ‘கவனத்தில் எடுக்கப்பட்டது’ என்று முடித்துவிடுவார்கள். நிகழ்ச்சி நிரலில் ஏறிய விடயத்துக்கு அடுத்த கூட்டத்தில் பதில் கேட்க முடியும். நிறுவனத்தின் பிராந்திய அதிகாரியையும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கும்படி அதே கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.